அனுமதி கேட்டு வந்தவர்கள்

கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன இடத்தில் மேஸ்திரி வைத்தது. செங்கல் சுமந்துகொண்டு நின்றவளின் தலையில் இன்னும் இரண்டு கல்லை ஏற்றி வைத்துவிட்டு, "உன்னால முடியும்மா, போ" என்றானாம் அவன். அவள் மொத்தக் கல்லையும் அவன் காலடியில் கொட்டிவிட்டு, "உன்னாலயும் முடியும், எடுத்துட்டு வா" என்றாளாம். எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடிக்கிறாளே என்று அவன் முணுமுணுத்தது ஊர் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதே வேலையில் இருந்த கொத்தனார் ஒருவர் அந்த வெடிப்பைப் பார்த்து மயங்கிப்போய் அவளையே கட்டிக்கொண்டார். மனுஷன் இன்றுவரை டவுனில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். அதனால்தான் அந்தக் கல்யாணம் நிலைத்தது என்று கடுகே சொல்லுவாள்.

அவர்களுடைய குடியிருப்பு காட்டை ஒட்டியது. அந்த மண்ணுக்கு முதலில் வந்த ஜனங்கள் அவர்கள்தான். இப்போது ஆதிக்குடிகள், தொல்குடிகள் என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். முன்பு வேறு என்னென்னவோ சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அதையெல்லாம் இங்கே எழுதினால் பேப்பர் நாறிவிடும்.

வீடுகளுக்கு மண்சுவர். அதில் வெள்ளைக் களிமண்ணை விரலால் தொட்டு வீட்டுப் பெண்கள் படம் போடுவார்கள். சாமியும் சூரியனும் சந்திரனும் போடுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆடு குட்டி போட்டால் ஆட்டைப் போடுவார்கள், பையன் பரீட்சையில் தேறினால் பையனைப் போடுவார்கள், நாத்தனாரோடு மனஸ்தாபம் வந்தால் பின்சுவரில் மூக்கு நீண்ட ஒரு பெண்ணைப் போடுவார்கள். மழைக்காலத்தில் எல்லாம் கரைந்து போகும். கரைந்தால் சண்டையும் தீர்ந்தது என்று கணக்கு.

இந்தச் சுவர்தான் வினையாகப் போயிற்று.

கடுகுக்கு ஒரு தம்பி. டவுனில் படித்து, வெளிநாட்டார் பேசுகிற பாஷையைக் கரைத்துக் குடித்து, ஒரு சுற்றுலா கம்பெனியில் வழிகாட்டியாகச் சேர்ந்தவன். சட்டைப் பையின்மேல் பச்சை நூலில் ஓர் இலை தைத்திருக்கும். அந்தக் கம்பெனி நடத்துவது வெறும் சுற்றுலா இல்லையாம், 'பொறுப்பான பயணம்'. அதாவது முன்காலத்தில் ஜீப்பில் வந்து இறங்கி, பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசி, கிடைத்ததைப் படம் பிடித்துக்கொண்டு போவார்களே, அது தப்பு. இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மிட்டாய் வீச மாட்டார்கள், குப்பை போட மாட்டார்கள், கேட்காமல் படம் எடுக்க மாட்டார்கள். வீட்டு மனிதர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவர்கள் கலையைக் கற்றுக்கொள்வார்கள், மரியாதையோடு திரும்பிப் போவார்கள். இதைத் தம்பி முதல் தடவை வந்து விளக்கியபோது, ஊர்க்கூட்டமே தலையாட்டியது. அவன் அக்காவின் வீட்டுச் சுவர்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

"மிட்டாய் வீசினவனாவது பத்து நிமிஷத்துல போய்த் தொலைஞ்சான். இதுங்க பொழுது சாயற வரைக்கும் நகர மாட்டேங்குதே" என்று கடுகு சொன்னது அதற்குப் பிற்பாடு.

பயணிகள் வருகிற நாளென்றால் விடிந்ததுமே வீட்டைக் காலி செய்கிற வேலை ஆரம்பமாகும். பிரிட்ஜின்மேல் பாயைச் சுற்ற வேண்டும். கேஸ் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். பிளாஸ்டிக் குடம், வாளி, மஞ்சள் கலர் முக்காலி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். டிவியைத் துணி போட்டு மூடி, துணி டிவி மாதிரி தெரிகிறது என்று அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்க்க வேண்டும்.

"நாங்க என்னடா, திருட்டுச் சாமானா வச்சிருக்கோம்?" என்பாள் கடுகு.

"அவங்க இயற்கையான வாழ்க்கைய எதிர்பார்த்து வர்றாங்கக்கா."

"அப்ப பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."

"அந்த வீட்டுல சுவர் நல்லா இல்லியே."

சாப்பாட்டுக் கூத்து தனி. வீட்டில் மற்ற நாளெல்லாம் ரொட்டியும் முட்டையும்தான். பயணிகளுக்கு மட்டும் சாம்பலில் சுட்ட கிழங்கு, இலையில் வைத்து. அதில் உப்புக்கூடப் போடக் கூடாது, போட்டால் அசல் இல்லையாம். உப்பு போட்டுத் தின்றால் தன் ஜனங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று கடுகுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அந்த உப்பில்லாத கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு அவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ஒரு சத்தம் வேறு. தின்கிற பொருளைக் கண்ணைத் திறந்து பார்த்துத் தின்றால் என்ன? ஒரு தடவை வந்த பெண் முதல் வாயிலேயே அழுது தீர்த்தாள். காரம் இல்லை, புளிப்பு இல்லை, எதற்கு அழுகிறாள் என்று கேட்டால், 'பூமியோடு தொடர்பு' என்றான் தம்பி. அன்றைக்குச் சாயங்காலம் மிஞ்சின கிழங்கை ஆட்டுக்குப் போட்டாள்.

அப்புறம் கலை. வந்தவர்கள் விரலைக் களிமண்ணில் தோய்த்து அவள் வீட்டுச் சுவரில் படம் போடுவார்கள். ஒருத்தர் தன் வீட்டு நாயைப் போட்டார். ஒருத்தி இதயத்தைப் போட்டு, அதற்குள் இன்னொரு இதயத்தைப் போட்டாள். அடுத்த கூட்டம் வருகிற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது என்று கம்பெனியின் விதி, அழித்தால் போட்டவர் மனம் புண்படுமாம். ஆக, கடுகு தன் சொந்தச் சுவரில் யாரோ ஒருத்தனுடைய நாயைப் பார்த்தபடி தினமும் பல் விளக்கினாள். அவள் மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது போட வேண்டிய படத்துக்கு முன்சுவரில் இடமே இல்லை. பின்சுவரில்தான் போட்டாள், அதுவும் மூக்கு நீண்ட நாத்தனாருக்குப் பக்கத்தில்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது அவர்கள் அனுமதி கேட்கிற விதத்தில்தான். வேனில் வரும்போதே தம்பி அவர்களுக்கு இவர்கள் பேச்சில் மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்துவிடுவான். வரலாமா. எடுக்கலாமா. நன்றி. வந்து இறங்கினதிலிருந்து ஆளாளுக்கு இதே பாட்டுத்தான். படலைத் திறக்க ஒரு வரலாமா, முற்றத்துக்கு ஒரு வரலாமா. அடுப்பைப் படம் எடுக்க எடுக்கலாமா, ஆட்டை எடுக்க எடுக்கலாமா, அவள் மூக்கைச் சிந்தினால் அதற்கும் எடுக்கலாமா. தலையைச் சாய்த்து, கண்ணைப் பெரிதாக்கி, நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்பார்கள். ஆரம்பத்தில் கடுகுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கட்டட வேலையில் யாரும் அவளிடம் எதையும் கேட்டுச் செய்ததில்லை. போகப் போகத்தான் கவனித்தாள், கேட்கிற வாயும் படம் எடுக்கிற விரலும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நன்றி வந்துவிடும். பொய்யாகக் கேட்கிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை, உண்மையாகத்தான் கேட்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மகள் கல்யாணமாகி டவுனுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். வயிற்றில் ஐந்து மாதம். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கடுகு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, குழந்தை தங்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, டவுன் வீட்டில் ஒரே ஒரு அறை, மேல்மாடியில் யாரோ ஓயாமல் சுவரில் டிரில் போடுகிறார்கள். கடுகு மகளை ஆட்டோவில் வைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து உள்ளறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். பெண் வழியெல்லாம் பேசவில்லை, அழவும் இல்லை. வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். இந்தப் பெண் ஒரு தடவை வாய் விட்டு அழுதால் போதும் என்றிருந்தது தாய்க்கு. அதற்கு வேண்டியது ஒரு மூடின அறையும் ஆள் அரவம் இல்லாத ஒரு பொழுதும்தான்.

அன்று சாயங்காலமே தம்பி வந்து நின்றான். அக்கா மகளைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. உள்ளே போய் எட்டிப் பார்த்தான், கண் கலங்கினான், வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பழத்தையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கு."

"நாளைக்கு வேணாம்."

"இவங்க சாதாரண ஆளுங்க இல்லக்கா. உலகத்துலயே சிறந்த பொறுப்பான பயணம் எதுன்னு விருது குடுக்கிறவங்க. மார்க் போட வர்றாங்க. நல்ல மார்க் விழலன்னா கம்பெனி இந்தக் குடியிருப்பையே விட்டுட்டு வேற எடம் பாத்துக்கும். ஊருல எத்தன பேருக்கு இதுல வேலைன்னு உனக்கே தெரியும்."

"டேய், உள்ள ஒரு பொண்ணு படுத்திருக்காடா."

"தெரியாதா எனக்கு? என் மக மாதிரி இல்லியா அவ? முற்றத்தோட நிறுத்திடறேன். கிழங்கு, படம், கிளம்பிடுவாங்க. உள்ள ஒருத்தர் கால் வைக்க மாட்டாங்க. சத்தியமா."

"உள்ள வரலாமான்னு கேப்பாங்களே."

"கேட்டா வேணாம்னு சொல்லிடு."

"அந்த மூணு வார்த்தையோட, வேணாம்னா என்னன்னும் சொல்லிக் குடுத்திருக்கியா?"

தம்பி சிரித்தான். "அது எதுக்குக்கா? இதுவரைக்கும் யாரு வேணாம்னு சொல்லியிருக்கா?"

கடுகு சம்மதித்தாள். ஊர்ப் பிழைப்பைச் சொன்ன பிறகு என்ன செய்வது? ஆனால் தம்பியின் சத்தியத்தை நம்பி அவள் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாள் காலையில் அடுப்பிலிருந்து ஒரு கரிக்கட்டையை எடுத்து, வீட்டு வாசல்படியில் இந்த நிலைக்கும் அந்த நிலைக்குமாக ஒரு கோடு இழுத்தாள்.

கரிக்கோடு என்றால் என்ன என்று அந்தக் குடியிருப்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நடக்கப் பழகின குழந்தைக்கும் தெரியும். இந்த வீட்டுக்குள் இன்றைக்கு யாரும் வரக் கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல வேண்டாம். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது இருக்கலாம், சும்மா யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமலும் இருக்கலாம். கோடு இருந்தால் சம்பந்தி வீட்டார்கூட முற்றத்தோடு நின்று திரும்பிவிடுவார்கள். சண்டைக்கு வந்தவன்கூடக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் கத்துவான். அதைத் தாண்டினவன் என்று அங்கே யாரையும் சொல்லிக் கேட்டதில்லை.

வேன் வந்தது. இறங்கியவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஒருவர் தாடிக்காரர், பேசாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ரகம். இன்னொருத்தி உயரமான அம்மாள், கழுத்தில் கேமரா, முகத்தில் எந்நேரமும் ஓர் உருக்கம். கொசு வராமலிருக்க இருவரும் பூசியிருந்த களிம்பின் நாற்றத்தில் அடுப்புப் புகையே பின்வாங்கியது. படலண்டை வரலாமா என்றார்கள், வந்தார்கள். கிழங்கைத் தின்றார்கள், கண்ணை மூடினார்கள். கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு களிமண் சட்டியைப் பிசைந்துகொண்டிருந்தாள். இதோ முடிந்துவிடும், இதோ படம் போட்டுவிட்டுத் தொலைந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த உயரமான அம்மாளின் கண் வாசல்படிக்குப் போயிற்று. கோட்டைக் காட்டித் தம்பியிடம் ஏதோ கேட்டாள்.

தம்பியின் முகம் வெளுத்தது. அவன் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. அவர்கள் போடுகிற மார்க்கில் முதல் கேள்வியே, அந்த வீட்டார் மனமுவந்து வரவேற்கிறார்களா என்பதுதான். இது யாரும் வராதே என்கிற கோடு என்று அவன் வாயால் சொன்னால், வராதே என்று சொன்ன வீட்டுக்கு எங்களை ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்பார்கள். மார்க் அந்த இடத்திலேயே பூஜ்யம். இரண்டு கையையும் அகல விரித்து ஒரு வார்த்தை சொன்னான். கடுகுக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது அந்த ஒரே வார்த்தைதான். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் படலண்டை நின்று அவன் கையை விரித்துச் சொல்கிற வார்த்தை அது. நல்வரவு.

வராதே என்று போட்ட கோட்டை நல்வரவு என்று சொல்லிவிட்டான் கூடப் பிறந்தவன்.

சட்டிக்குள் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு. தாடிக்காரர் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டின கரியை முகர்ந்தார். உயரமான அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எடுக்கலாமா என்றாள், யார் பதிலுக்கும் நிற்காமல் கோட்டை நிமிர்ந்து ஒன்று, குனிந்து ஒன்று என்று படம் எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். இவ்வளவு அழகாக வரவேற்புக் கோடு போட்டு அழைக்கிற வீட்டுக்குள் நுழையாமல் போவது மரியாதைக் குறைவு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மரியாதையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. தம்பி பதறிப்போய் முற்றம் போதும் என்கிற மாதிரி கையை ஆட்டினான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு செருப்பையும் கழற்றினாள்.

கடுகு களிமண் கையோடு ஓடி வாசலை மறித்து நின்றாள்.

"வரலாமா?" என்றாள் அந்த அம்மாள், தலையைச் சாய்த்து.

"வேண்டாம்" என்றாள் கடுகு.

"நன்றி" என்றாள் அந்த அம்மாள்.

"வேண்டாம்! வராதீங்க!" கடுகு கையைக் குறுக்கே நீட்டினாள். நீட்டின கையை அந்த அம்மாள் தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். களிமண்ணைப் பற்றிக் கவலையே படவில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நன்றி நன்றி என்று சொல்லியபடியே, கோட்டை மிதித்துவிடாமல் பத்திரமாகத் தூக்கி வைத்த காலோடு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே தாடிக்காரர். அவரும் கோட்டை மிதிக்கவில்லை.

"அக்கா, கூப்பிடு அவங்கள! வெளிய வரச் சொல்லு!" என்று முற்றத்தில் நின்று கத்தினான் தம்பி. அவன் பாஷை தெரிந்தவன், ஓடிப்போய் இழுத்து வரக்கூடியவன். ஆனால் வாசல்படியண்டை வந்து நின்றுவிட்டான். குறுக்கே கரிக்கோடு இருந்ததே. நல்வரவு என்று சொன்னவனுக்கு மட்டும் அதைத் தாண்டக் கால் வரவில்லை.

கடுகு உள்ளறைக்கு ஓடினாள். அரை இருட்டு. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் மாத்திரை, தம்ளர், உரிக்காத ஆரஞ்சுப் பழம். அந்த அம்மாள் பாயோரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, பாயில் படுத்திருக்கிற ஓர் இளம்பெண், ஜன்னல் வெளிச்சம், மண்சுவர், அவ்வளவுதான் தெரிந்ததோ என்னவோ. மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலில் கேட்டாள்.

"எடுக்கலாமா?"

மகள் திரும்பினாள்.

எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, வலியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு லேசாகத் தூக்கினாள். சிரித்தாள்.

பல் தெரிந்தும் தெரியாமலும், கண் கொஞ்சம் கீழே தாழ்ந்து, நன்றாகப் பழகின சிரிப்பு. வயிறு காலியாகி இரண்டு நாள் ஆன பெண்ணின் முகத்தில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கடுகுக்குத் தெரியும். முன்பெல்லாம் பயணிகள் வருகிற நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து, தலை சீவி, முற்றத்தில் நிறுத்தி, "முகத்த வெளிச்சத்துக்குக் காட்டுடி, சிரிடி, ரெண்டு நிமிஷம்தானே" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவள் வேறு யாரும் இல்லை. வந்தவர்கள்மேல் அதுவரை வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. சீ என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

கேமரா எழும்பியது. கடுகு தன் களிமண் கையை முழுசாக விரித்து அதன் கண்ணாடிமேல் அப்பினாள். அப்பி, அழுத்தி, நன்றாகத் தேய்த்தாள்.

"போங்க. வெளிய போங்க. என் வீட்ட விட்டு வெளிய போங்க!"

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு பேரும் தடுமாறி வெளியே வந்தார்கள். வரும்போது கோட்டை நன்றாக மிதித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"என்னக்கா பண்ணிட்ட!" என்று தலையில் அடித்துக்கொண்டான் தம்பி. "எல்லாம் போச்சு! ஊர் பொழப்பே போச்சு! ஒரு போட்டோதானக்கா, ஒரு நிமிஷம் பொறுத்துக்கக் கூடாதா?"

"அவ சிரிச்சாடா."

"என்னது?"

"உள்ள படுத்திருக்கிறவ எழுந்து உக்காந்து சிரிச்சாடா."

தம்பி தலையிலிருந்து கையை எடுத்தான். அவனும் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவன்தான்.

வேனண்டை பயணிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். உயரமான அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். தாடிக்காரர் முதல் முறையாக நிறையப் பேசினார். உள்ளே படுத்திருந்த பெண்ணைப் பற்றி அவர்களாகவே ஏதோ ஊகித்திருந்தார்கள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த அம்மாளின் அழுகை பெரிதாயிற்று. பிறகு தம்பி வாசலுக்கு வந்து, வழக்கமாக நிற்கிற இடத்துக்கும் ரொம்பத் தள்ளியே நின்றான்.

"அக்கா, அவங்க கேக்கிறாங்க..."

"இன்னும் என்னடா கேக்கிறாங்க?"

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாமான்னு கேக்கிறாங்க."

கடுகு அவனையே பார்த்தாள். இதற்கும் அனுமதி! கருமம், இதற்கும்! உள்ளே வந்து மன்னிப்புக் கேட்பார்கள். இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். இவள்தான் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்து, பரவாயில்லை என்று தேற்றி அனுப்ப வேண்டும். மனசு லேசாகி ஊர் போய்ச் சேருவார்கள். சிறந்த அனுபவம் என்று எழுதினாலும் எழுதுவார்கள்.

"வேணாம்னு சொல்லு" என்றாள். "நான் சொன்னத சொன்னபடி சொல்லு. மாத்திச் சொன்னேன்னு வை, இனிமே எனக்குத் தம்பியே கிடையாது."

அவன் வேனண்டை போனான். எப்படிச் சொல்வது என்று தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னான். அதைச் சொல்லும்போது கையை விரிக்கவில்லை. உயரமான அம்மாளின் முகம் கன்னத்தில் அறை வாங்கினாற்போல ஆயிற்று. வேனில் ஏறினார்கள். இந்தத் தடவை நன்றி என்று யாரும் சொல்லவில்லை.

கடுகு கையைக் கழுவினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். மகள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, காதுக்குப் பின்னால் ஒதுக்கின முடி ஒதுக்கினபடியே.

"போயிட்டாங்களாம்மா?"

"போயிட்டாங்க."

"நான் ஏம்மா சிரிச்சேன்?" என்றாள் மகள். "சிரிக்கணும்னு நினைக்கவே இல்ல. அவங்க கேட்டதும் வாய் தானா போயிடுச்சு. என் புள்ள போயிடுச்சேம்மா, நான் ஏன் சிரிச்சேன்?"

யார் எது கேட்டாலும் வெடிக்கிற கடுகுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் அதை வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை. மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழு தாயி" என்றாள். "யாரும் பாக்கல. அழு."

மகள் தலையைத் தூக்கினாள். முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.